படகின் தளத்துக்கு அடியில் இருக்கும் டீசல் டாங்கியைக் கழற்றாமலே உள்ளே படிந்த குப்பையைச் சுத்தம் செய்ய முடியுமா?

முடியும். டாங்கியை வெளியே எடுக்க வேண்டாம். ஆனால் அதன் மேல்தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட வேண்டியிருக்கும். அதற்கு மனசு வரவில்லை என்றால் நான் எழுதுவது உங்களுக்கு உதவாது. இன்னொன்று, இங்கே சொல்வதெல்லாம் டீசல் டாங்கிக்கு மட்டும்தான். பெட்ரோல் டாங்கி வைத்திருப்பவர்கள் கடைசியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எந்தக் கருவியையும் கையில் எடுக்காதீர்கள்.

நீங்கள் அநேகமாக யாரோ பல வருஷம் ஓட்டிய படகை வாங்கியிருப்பீர்கள். ஆற்றில் நன்றாக ஓடும். கடலுக்குள் போய் இரண்டு அலை அடித்ததும் எஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகும். பொமனிடம், அதாவது எஞ்சின் மெக்கானிக்கிடம், காட்டினால் இஞ்செக்டர் பம்பு போய்விட்டது என்று ஆயிரக்கணக்கில் கணக்குப் போடுவார். சரியா?

என் மச்சானுக்கும் இதே கதைதான். எங்கள் ஊர் மலேசியாவில் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங். சுற்றிலும் செம்பனையும் தென்னையும், நடுவில் பெர்ணம் ஆறு. தோட்டத்து வேலையை விட்ட பிறகு அவர் பழைய பைபர் படகு ஒன்றை வாங்கினார். சனி, ஞாயிறு என்றால் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் தூண்டில்காரர்கள் வருவார்கள். அவர்களைப் பூலாவ் செம்பிலான் தீவுகள் பக்கம் கூட்டிக்கொண்டு போவார். ஆற்று முகத்துவாரம் தாண்டியதும் எஞ்சின் படுத்துவிடும். காசு கொடுத்து வந்தவர்கள் நடுக்கடலில் உட்கார்ந்து இவர் முகத்தைப் பார்ப்பார்களாம்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், குப்பை டாங்கியின் அடியில் கிடக்கிறது. அலை அடிக்கும்போது கலங்கி மேலே வருகிறது. எஞ்சின் இழுக்கிற வேகத்தில் உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் நின்றால் இழுப்பும் நிற்கிறது, குப்பை தானாக விழுந்துவிடுகிறது. அதனால்தான் கரைக்கு வந்து பொமனிடம் காட்டும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும், அவரும் வேறு எதையாவது கழற்றுவார்.

எதையும் பிரிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. சுத்தமான டீசல் நிரப்பிய ஒரு தோங்கை (பீப்பாயை) தளத்தில் வைத்து, எஞ்சினுக்குப் போகும் குழாயை அதில் விடுங்கள். எஞ்சினிலிருந்து மிச்ச டீசல் திரும்பி வரும் குழாயையும் அதிலேயே விட வேண்டும். அதை மறந்தால் தோங்கில் இருப்பது பழைய டாங்கிக்குள் போய்ச் சீக்கிரம் காலியாகிவிடும். இப்படி வைத்து அலைக்குள் ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் எஞ்சின் மேல் குற்றமில்லை.

அடுத்தது சுத்தம் செய்வது. எல்லாரும் சொல்வது என்ன? எண்ணெய் அளவு காட்டும் மிதவையைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் குழாய் விட்டு உறிஞ்சு, மருந்து ஊற்று, முடிந்தது வேலை. இது பாதி வேலைகூட இல்லை. உள்ளேயே கட்டப்பட்ட டாங்கியில் எண்ணெய் சளப் சளப் என்று ஆடாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள் வைத்திருப்பார்கள். மச்சானுடையது 300 லிட்டர் அலுமினிய டாங்கி. இரண்டு தடுப்பு, ஆக மூன்று அறை. அறைக்கு அறை எண்ணெய் போக அடியில் சின்னச் சின்ன வெட்டுகள்தான். மிதவைத் துவாரம் நடு அறையில். அதன் வழியாக எவ்வளவு உறிஞ்சினாலும் இரு பக்கத்து அறைகளில் கிடப்பது கிடந்தபடியே கிடக்கும். அடுத்த அலைக்கு வெட்டு வழியாக இந்தப் பக்கம் வந்து சேரும். பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்தும் அப்படித்தான். கொல்லும், ஆனால் செத்தது எங்கே போகும்? பில்டருக்குத்தான்.

ஆகவே ஒவ்வொரு அறைக்கும் மேலே ஒரு வாசல் வேண்டும். தடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரிய, ஸ்குரு டிரைவர் பிடியால் மேல்தகட்டைத் தட்டிக்கொண்டே போனேன். காலியான இடத்தில் 'டொங்' என்று கேட்கும், தடுப்புக்கு மேலே சத்தம் அடங்கிவிடும். பக்கவாட்டில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் இன்னும் சுலபம். படகின் தரைப்பலகையையும் அதே இடத்தில் வட்டமாக வெட்ட வேண்டும். பிறகு அதற்குப் பிளாஸ்டிக் மூடி போட்டுக்கொள்ளலாம். தரையை முழுசாக உடைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

வெட்டும் முன் டீசலை முழுதாக வெளியேற்றி, காற்று விட்டு வையுங்கள். துளைக்கருவியில் மாட்டுகிற வட்ட ரம்பத்தின் பற்களில் கிரீஸைத் தாராளமாக அப்பி, துளைக்கருவியை மெதுவாக ஓட்டுங்கள். அலுமினியத் தூள் அந்தக் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே விழுந்தால் காந்தத்தால் எடுக்க முடியாது, அலுமினியம் காந்தத்துக்கு மசியாது. நாலைந்து சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்தி, துடைத்து, புதுக் கிரீஸ் தடவி மறுபடி. பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் பழைய குப்பையோடு புதுக் குப்பையையும் சேர்க்கிறார்கள்.

முதல் வட்டம் கழன்று வந்ததும் மச்சான் கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே பிடித்தார். ஆறிப்போன கேழ்வரகுக் கூழின் மேல் படியும் ஆடை மாதிரி கறுப்பாக ஒன்று அடியில் விரிந்து கிடந்தது. விரலால் தூக்கினால் கிழியாமல் நீளமாக வந்தது. அதுதான் தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் வளரும் பூஞ்சணம். நடு அறையில் உறிஞ்சு குழாயின் வாயருகே வெள்ளையாக ஒரு சிலிக்கான் துண்டு, ஊறி உப்பிப்போய், புழு மாதிரி. முன்னால் வைத்திருந்தவர் மிதவையைச் சுற்றிக் கடையில் கிடைத்த சாதாரண சிலிக்கானைப் பூசியிருக்கிறார். அது டீசலுக்குத் தாங்காது. பிய்ந்து உள்ளே விழுந்து, அலை வரும்போதெல்லாம் குழாயை அடைத்தது அதுவேதான். மச்சான் அதைக் கழுவி ஒரு போத்தலில் போட்டு வைத்துக்கொண்டு, இஞ்செக்டர் பம்பு மாற்றச் சொன்ன பொமனுக்குக் காட்டினார். நான் காட்டச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் முதுகு வலிக்கிற வேலை, சொல்வதற்கு அதிகமில்லை. படகின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினால் எல்லாம் பின்மூலைக்கு இறங்கும். குழாயின் நுனியில் வளைத்த செம்புக் குழாய் மாட்டி மூலை மூலையாக உறிஞ்ச வேண்டும். நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டும். தண்ணீரும் சோப்பும் கூடாது, கழுவுவதும் டீசலால்தான். பம்பு வைத்து வேகமாகப் பீய்ச்சி, உறிஞ்சி, கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக வரும்வரை விடாதீர்கள். அடித்தகட்டில் வெள்ளைப் பொடி பூத்த இடங்களை மரக்குச்சியால் சுரண்டிப் பாருங்கள். தண்ணீர் நின்று அலுமினியம் அரித்த இடம் அது. குழி ஆழமாக இருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, டாங்கியையே மாற்ற வேண்டியதுதான். மூடும்போது நைட்ரைல் ரப்பர் வைத்த மூடி போடுங்கள். மறுபடி சிலிக்கானைத் தேடிப் போகாதீர்கள்.

பழைய டீசலைக் கொட்ட மச்சானுக்கு மனசே வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அப்போது உரிமம் உள்ள மீனவர்களுக்கு 1 வெள்ளி 65 காசு, தூண்டில்காரர்களை ஏற்றுகிறவருக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. தோங்குகளில் சில நாள் அசையாமல் வைத்தோம். தண்ணீரும் சகதியும் அடியில் தங்கின. மேலே தெளிந்ததை முதலில் 30 மைக்ரான், பிறகு 10 மைக்ரான் பில்டரில் வடித்துத் திரும்ப ஊற்றினோம். அடிச்சகதியைப் பழைய எஞ்சின் எண்ணெய் எடுக்க வருகிற லோரிக்காரரிடம் கொடுத்தோம். ஆற்றில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியும். நீங்கள் ஊற்றாதீர்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று கண்டுபிடிக்காவிட்டால் எல்லாம் பழையபடி வரும். எண்ணெய் ஊற்றும் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மழைத் தண்ணீர் தளத்தில் தேங்கி நேரே உள்ளே இறங்கியிருக்கிறது. இதோடு நம் நாட்டு டீசலின் குணமும் சேர்கிறது. 2019-இல் எண்ணெய் நிலையங்களில் விற்கும் டீசலில் செம்பனை எண்ணெயில் செய்த பயோடீசலை 10 விழுக்காடு கலக்க ஆரம்பித்தார்கள். அது சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரம் பிடித்துக்கொள்ளும், டாங்கிச் சுவரில் ஒட்டியிருந்த பழைய அழுக்கையும் கரைத்துக் கீழே தள்ளும். நாங்கள் குலை வெட்டி லோரி ஏற்றிய அதே செம்பனைதான்! பயோடீசலைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நிறைய ஓடுகிற படகுக்கு அதனால் தொந்தரவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஓடுகிற படகில்தான், டாங்கியை நிரப்பி வைத்து, தண்ணீர் பிரிக்கும் பில்டரை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

"இதையெல்லாம் சொல்ல நீர் யார், சான்றிதழ் உண்டா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கிடையாது. தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் ஜெனரேட்டரும் பிரித்துப் போட்டே தலை நரைத்தவன் நான். பிறகு ஒரு படகுப் பட்டறையில் வேலை கேட்டுப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி என் கையைப் பார்க்கவில்லை, எஸ்கேஎம் என்கிற மலேசியத் திறன் சான்றிதழின் நகலைக் கேட்டார். அனுபவத்தை வைத்தே சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது என்று மகள் சொன்னாள். இருக்கிறதுதான். அதற்குச் செய்த வேலைகளின் ஆதாரங்களைக் கோப்பாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். தோட்டம் கைமாறி, பட்டறை இருந்த இடத்தில் இப்போது உரக் கொட்டகை. வேலைச் சீட்டுகள் எந்தக் கிராணியின் (தோட்டத்துக் குமாஸ்தாவின்) அலமாரியோடு போனதோ? எண்ணெய்க் கறையோடு நின்றவனை அந்தக் காலத்தில் படம் எடுத்து வைத்தவர் யார்? படகுப் பட்டறையில் எனக்குப் பதிலாக வேலைக்கு எடுத்துக்கொண்ட பையன் நல்ல பையன்தான், சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் போடுகிறான். சம்பளம் அவனுக்கு வருகிறது. சரி, அது உங்கள் டாங்கிக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

இப்போது பெட்ரோல் டாங்கிக்காரர்களுக்கு. மேலே டீசல் டாங்கிக்குச் சொன்ன மாதிரி நீங்கள் துளை போடவே கூடாது. டீசல் ஆவி பற்ற நம் ஊர் வெயிலை மிஞ்சிய சூடு வேண்டும். பெட்ரோல் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பற்றும். அது காற்றைவிடக் கனம், படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தங்கும். மின் துளைக்கருவியின் ஒரு பொறி போதும். காலியான டாங்கி நிறைந்த டாங்கியைவிட மோசம், ஏனென்றால் உள்ளே முழுக்க ஆவிதான். திறந்த வெளியில் கைப்பம்பால் பெட்ரோலை எடுத்துவிட்டு, தளத்தை உடைத்தாவது டாங்கியை வெளியே எடுத்து, ஆவி நீக்கி வெல்டிங் செய்யத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள். கொடுக்கும்போது வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். 'பெட்ரோல் இருந்தது' என்று டாங்கியின் மேலேயே மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.