கலியாணத்த யாரு மாத்த முடியும்? பாம்பன் கரையிலிருந்து கேள்வி பதில்

போன ஞாயித்துக்கெழம கலியாண தயாரிப்பு வகுப்பு முடிஞ்சும் பசங்க யாரும் எந்திரிக்கல. ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் கலியாணம் பண்றத சட்டம் ஏத்துக்கணுமா, கோர்ட்டு என்ன சொல்லுச்சு, போப் என்ன சொன்னார்னு ஒரே வாக்குவாதம், செபமாலைக்கு மணி அடிச்ச பெறகுதான் கலைஞ்சாங்க. மீன்பிடி தடைக்காலம், போட்டெல்லாம் கரையில கெடக்கு, எல்லாருக்கும் பேச நேரம் இருக்கு. சரி கேள்விய எழுதி அனுப்புங்க, தெரிஞ்சத சொல்றேன்னேன். நான் சாமியார் இல்ல, 19 வருசமா மறைக்கல்வியும் கலியாண வகுப்பும் எடுக்குறவன், கத்தோலிக்க திருச்சபைச் சட்டத்த உக்காந்து படிச்சவன். வந்த கேள்விகள்ல முக்கியமானதுக்கு கீழ பதில் சொல்லிருக்கேன், பேரு போடல.

தங்கச்சிமடம், போட் டிரைவர் தம்பி: அண்ணே, எத்தனையோ நாட்டுல சட்டத்த மாத்திட்டாங்க, நம்ம சபை மட்டும் ஏன் புடிவாதமா நிக்குது?

புடிவாதம் மாதிரி தோணும் தம்பி. நெதர்லாந்து 2001ல மாத்துனாங்க, அயர்லாந்துல 2015ல மக்கள்கிட்டயே ஓட்டுக்கு விட்டு 62 சதவீதம் பேர் சரின்னாங்க, கோயிலும் செபமாலையுமா இருந்த நாடு அது. தைவான் 2019, தாய்லாந்து 2025. இதெல்லாம் சபைக்கு தெரியாம இல்ல. ஆனா சபை சொல்றது "மாத்த மாட்டோம்"னு இல்ல, "மாத்துற அதிகாரம் எங்களுக்கு இல்ல"ன்னு. இத புரிஞ்சுக்கிட்டா பாதி சண்டை தீந்துரும்.

பூசை லத்தீன்ல இருந்து தமிழுக்கு வந்துச்சுல்ல, அது சபை வெச்சது, சபையே மாத்துச்சு. கலியாணத்துலயும் சபை மாத்துனது உண்டு. சாமியார் முன்னாடி ரெண்டு சாட்சி வெச்சுத்தான் பண்ணணும், இல்லன்னா செல்லாதுங்கறது 1563ல ஆயர்கள் கூடுன திரெந்து பொதுச்சங்கம் போட்ட சட்டம். அதுக்கு முன்னாடி ரெண்டு பேர் தனியா வாக்கு குடுத்துக்கிட்டாலே செல்லும், அப்பறம் "நான் எங்க கட்டுனேன்"னு கைவிட்டுட்டு போனவன் கதை ஊருக்கு ஊரு, அத தடுக்கத்தான் சாட்சி. அப்ப எப்படி நடத்துறதுங்கற முறைய மாத்தலாம். கலியாணம்னா என்னங்கறது சபை உண்டாக்குனது இல்ல. பைபிள்ல மத்தேயு 19ல விவாகரத்து பத்தி பரிசேயர் கேக்குறப்ப இயேசு மோசே சட்டத்துக்கும் முன்னாடி போயி, தொடக்கத்துல ஆணும் பெண்ணுமா படைச்சார்ங்கறதுல இருந்துதான் ஆரம்பிக்கிறார். சபையோட போதனைய தொகுத்து வெச்ச மறைக்கல்வி நூலு 1603ஆவது பத்தி, கலியாணத்த ஏற்படுத்துனவரு கடவுளேன்னு சொல்லுது. சபைக்கே அதுல கை வைக்க அதிகாரம் இல்லன்னா பார்லிமென்ட்டுக்கும் கோர்ட்டுக்கும் எப்படி இருக்கும், இதுதான் சபையோட வாதம்.

அடுத்த தடவ கலியாணப் பூசையில கவனிச்சுப் பாரு. சாமியார் கலியாணம் பண்ணி வைக்கிறது கெடையாது. ரெண்டு பேரும் வலது கைய புடிச்சுக்கிட்டு "இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்"னு சொல்றாங்கல்ல, அந்த வாக்குதான் கலியாணம். சாமியார் அதுக்கு சாட்சி. தாலியும் மோதிரமும் பெறகுதான் வருது.

காலேஜ்ல படிக்கிற தங்கச்சி, மண்டபம்: பிள்ளை பெத்துக்க முடியாதவங்களுக்கும் அறுபது வயசுக்காரங்களுக்கும் கோயில்ல கலியாணம் பண்ணி வைக்கிறீங்க. அப்ப பிள்ளை ஒரு காரணம் இல்லையே?

நல்ல கேள்வி தங்கச்சி, வகுப்புலயும் இத கேட்டு பசங்க வாய அடச்சது நீதான்னு நெனைக்கிறேன். திருச்சபைச் சட்டம் 1055, கலியாணம்னா ஒரு ஆணும் ஒரு பொண்ணும் வாழ்நாள் முழுக்க சேர்ந்து வாழுற உடன்படிக்கை, அது அவங்க ரெண்டு பேரோட நன்மைக்காகவும், பிள்ளை பெத்து வளக்குறதுக்காகவும்னு ரெண்டையும் சேத்து சொல்லுது. 1084 மலட்டுத்தன்மை கலியாணத்த செல்லாததாக்காதுன்னு தெளிவா சொல்லுது. இங்க "பிள்ளை இல்ல, இன்னொருத்திய பாருடா"ன்னு சொல்ற மாமியார் இன்னமும் இருக்காக, அவுகளுக்கு நான் முதல்ல காட்டுறது இந்த சட்டத்த தான்.

வித்தியாசம் எங்கன்னா, பிள்ளை கிடைக்கிறது கடவுள் கையில, ஆனா ஆணும் பொண்ணும் சேர்றது இயல்புலயே உயிர் உண்டாகுற சேர்க்கை. வலை விட்டுட்டு வெறுங்கையோட கரைக்கு வர்ற நாள் எத்தனையோ இருக்கு, அன்னைக்கு அது வலை இல்லன்னு ஆயிருமா? மீனுக்குன்னு பின்னுன வலைதான் அது. இந்த பதில் எல்லாரையும் திருப்திப்படுத்தாதுன்னு எனக்கு தெரியும், "அன்புதானே முக்கியம்"னு நீ அடுத்து கேப்ப. அன்பு முக்கியம்தான். ஆனா அன்பு மட்டும்தான் கலியாணம்னு வெச்சா, அன்பு வத்திப்போன அன்னைக்கு கலியாணமும் முடிஞ்சுரணும், அத சபை எந்த ஆம்பள பொம்பளைக்கும் ஒத்துக்கிட்டதே இல்ல.

ஏர்வாடி பக்கம் ஒரு அண்ணன்: இதெல்லாம் வெள்ளக்காரன் பிரச்சினை, நமக்கு எதுக்கு?

அண்ணே, திருவாடானை தாண்டி ஓரியூருக்கு போயிருக்கீங்கள்ல? அந்த செம்மண்ண ஒரு கை அள்ளி தாள்ல மடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டு வருவோமே, அது யாரு ரத்தம் பட்ட எடம்? ஜான் டி பிரிட்டோங்கற அருளானந்தர் சாமியார். 1693 பிப்ரவரி 4ந் தேதி தலைய வெட்டுனாங்க. எதுக்குன்னு பாருங்க. தடியத்தேவர்னு மறவர் தலைவர் ஞானஸ்நானம் கேட்டாரு, அவருக்கு மனைவி பல பேர், ஒருத்தியோட மட்டும் வாழணும்னு அருளானந்தர் சொல்லிட்டாரு, தேவரும் சம்மதிச்சாரு. விலக்கப்பட்டவங்கள்ல இளையவ சேதுபதி மன்னருக்கு அண்ணன் தம்பி வழியிலயோ அக்கா தங்கச்சி வழியிலயோ மக முறை, அவ அரண்மனைக்கு போயி அழுதா. அரியணைப் போட்டியும் அதுல கலந்திருந்துச்சு, ஆனா தீ பத்துனது கலியாணத்துல தான். அப்ப கலியாணம்னா என்னங்கற விவாதத்துக்கு நம்ம மாவட்டத்துல 300 வருசத்துக்கு மேல வயசு.

ஆனா இந்த கதைய நான் வகுப்புல சொல்லும்போதெல்லாம் அந்த பொண்ண நெனச்சுப்பேன். அவ என்ன தப்பு பண்ணா? அந்த ஊரு வழக்கப்படி முறையா கட்டுனவதானே. பல மனைவி உள்ளவன் ஞானஸ்நானம் வாங்குனா ஒருத்திய வெச்சுக்கலாம்னு சொல்ற 1148ஆவது சட்டமே, அனுப்பப்படுற மத்த பொண்ணுங்களுக்கு நீதிப்படியும் அன்புப்படியும் வாழ வழி செஞ்சாகணும்னு இன்னைக்கு ஆயர் தலையில பொறுப்ப வைக்குது. கொள்கையில உறுதியா நின்னா மட்டும் பத்தாது, அந்த உறுதியால கண்ணீர் விடுற ஆளையும் பாக்கணும். அந்த பாதிய விட்டுட்டு பேசுறவன் சபை போதனைய முழுசா பேசல.

ராமேஸ்வரம், பேரு வேண்டாம்னு சொன்னவர்: இந்தியாவுல இப்ப சட்டம் என்னதான் சொல்லுது?

2018 செப்டம்பர் 6ல, வயசு வந்த ரெண்டு பேர் சம்மதத்தோட சேர்றது குத்தம் இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டு இந்திய தண்டனைச் சட்டம் 377ஆவது பிரிவ சுருக்கிருச்சு. கலியாணம் வேற வழக்கு. 1954 சிறப்புத் திருமணச் சட்டத்த ஆண் பெண் பேதம் இல்லாம வாசிக்கணும்னு கேட்டாங்க, 2023 அக்டோபர் 17ல 5 நீதிபதிகள் தீர்ப்பு சொன்னாங்க. கலியாணம் பண்றது அடிப்படை உரிமை இல்ல, சட்டத்த மாத்துறது பார்லிமென்ட்டு வேலைங்கறதுல அஞ்சு பேரும் ஒண்ணு. கலியாணம் இல்லாத வேற சட்டப் பாதுகாப்பு குடுக்கலாமாங்கறதுல 3க்கு 2ன்னு பிரிஞ்சு, வேண்டாம்னு ஆயிருச்சு. கோயில்ல பண்ணி வைக்கச் சொல்லி அந்த வழக்குல யாரும் கேக்கல, மதச் சட்டங்கள தொட மாட்டோம்னு கோர்ட்டும் முதல்லயே சொல்லிருச்சு, அதனால "நாளைக்கு நம்ம பீடத்துலயே" அப்படின்னு வாட்ஸ்அப்ல பயமுறுத்துறத நம்பாதீங்க.

இன்னொண்ணு. சட்டத்துல அது கலியாணம் ஆகக் கூடாதுன்னு சபை சொல்லுது, 2003ல ரோம்ல இருந்து அதுக்குன்னே ஒரு ஆவணம் வந்துச்சு. ஆனா அவங்கள ஜெயில்ல போடச் சொல்லல. 2008 டிசம்பர்ல ஐ.நா.வுல வத்திக்கான் சார்பா, குற்றத் தண்டனைய எல்லா நாடும் நீக்கணும்னுதான் கேட்டாங்க.

பாம்பன், இளைஞர் குழு: போப் பிரான்சிஸ், ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் ஜோடியா வந்தா ஆசீர்வாதம் குடுக்கலாம்னு சொல்லிட்டாரே?

2023 டிசம்பர் 18ல வந்த அறிக்கைய சொல்றீங்க. அதுல முதல்லயே கலியாண போதனை மாறலன்னு இருக்கு. சடங்கு கெடையாது, கலியாண உடுப்பு கெடையாது, பதிவு ஆபீஸ்ல கையெழுத்து போடுற நாளோட சேத்து வைக்கக் கூடாது. ரெண்டு பேர் வந்து சாமி எங்களுக்காக வேண்டிக்கங்கன்னு கேட்டா சாமியார் கைய வெச்சு வேண்டலாம், அவ்வளவுதான், 10, 15 செகண்டுன்னு அடுத்த மாசமே விளக்கமும் வந்துச்சு. கடலுக்கு போறவன் நெத்தியில சிலுவ போட்டு அனுப்புற மாதிரி, அவன் யோக்கியனான்னு விசாரிச்சா போடுறோம்? இப்ப உள்ள போப் லியோவும் 2025 மே மாசம், குடும்பம்னா ஆணும் பெண்ணும் சேர்ந்த நிலையான உறவு மேல கட்டுனதுன்னு சொன்னார்.

ஒரு அம்மா: தம்பி, என் மகன் அப்படித்தான்னு என்கிட்ட சொல்லிட்டான். அவுக அப்பா இந்த தடைக்காலத்துக்குள்ள பொண்ணு பாத்து கட்டி வெச்சா சரியாயிரும்ங்கறாக. நான் என்ன செய்ய?

அக்கா, உங்க மெசேஜ ராத்திரி மூணு தடவ படிச்சேன். முதல்ல சொல்றேன், அந்த கலியாணத்த பண்ணாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்.

எனக்கு நடந்தத சொல்றேன், அந்த பையன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். ஓலைன்னா கோயில்ல வாசிக்கிற கலியாண அறிவிப்பு. அவனுக்கு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு, மறுநாள் மூணாவது ஓலை. சனிக்கெழம ராத்திரி பதினோரு மணிக்கு வாசல்ல கெடந்த ஐஸ் பெட்டி மேல வந்து உக்காந்திருந்தான், உள்ள வாடான்னாலும் வரல. ஈரக் கயித்து முடிச்ச அவுக்குற மாதிரி வெரல நெருடிக்கிட்டே இருந்தான். "அண்ணே எனக்கு பொண்ணுங்க மேல அந்த எண்ணம் ஒருநாளும் வந்ததில்ல, அப்பா அடிச்சு சம்மதிக்க வெச்சாரு, நாளைக்கு நெறைய பேர் முன்னாடி பொய் சொல்லப் போறேன்". ஓலை எதுக்கு வாசிக்கிறோம்? தடை இருந்தா சொல்லுங்கன்னு தான. அப்பவே அவன கூட்டிட்டு சாமியார்கிட்ட போனேன், மூணாவது ஓலை வாசிக்கல. பந்தல் அட்வான்ஸ் போச்சு, அவுக அப்பா ரெண்டு வருசம் என் மூஞ்சிய பாக்கல. அந்த பொண்ணுக்கு வேற எடத்துல முடிஞ்சு இப்ப ரெண்டு பிள்ளைங்க.

பயமுறுத்தி வாங்குன சம்மதம் செல்லாதுன்னு 1103 சொல்லுது. மறைச்சு ஏமாத்துறது பத்தி 1098. அப்படி கட்டுன கலியாணம் பின்னாடி மறைமாவட்ட தீர்ப்பாயத்துக்கு போயி, அது தொடக்கத்துலயே கலியாணம் இல்லன்னு அறிவிக்கிற நெலமைக்கு வரும், அதுக்குள்ள ஒரு பொண்ணோட வாழ்க்கை பாழ். கோர்ட்டு கலியாணத்துக்கு அர்த்தத்த மாத்துதுன்னு நாம கோவப்படுறோமே, மகனுக்கு வைத்தியம்னு ஒரு பொண்ண கட்டி வைக்கிறவங்களும் அதத்தான் மாத்துறாங்க. பவுன் எடபோட்டு பேசி முடிக்கிறவங்களும் அதத்தான் மாத்துறாங்க. இத நான் எந்த மேடையிலயும் சொல்லுவேன்.

மகன் விசயத்துல மறைக்கல்வி 2358 என்ன சொல்லுதுன்னா மரியாதையோட, இரக்கத்தோட, கனிவோட ஏத்துக்கணும், அநியாயமா ஒதுக்குறதோட சாயல் கூட இருக்கக் கூடாது. சபை அவன்கிட்ட கற்பு வாழ்க்கை கேக்குது, அது சின்ன சிலுவை இல்ல, எனக்கு தெரியும். அந்த சிலுவைய சுமக்கச் சொல்ற நாம அவனுக்கு வீட்டுல சோத்துத் தட்டையும் கோயில்ல எடத்தையும் எடுத்துட்டா, அதுக்கு பேரு போதனை இல்ல. நீங்க செய்ய வேண்டியது, இன்னைக்கு அவன் சாப்டானான்னு கேளுங்க. அவுக அப்பாகிட்ட நான் பேசுறேன், வலை பொத்துற எடத்துக்கே வர்றேன்.

மண்டபம், ஒரு தங்கச்சி: என் வீட்டுக்காரர் கடலுக்கு போயி காணாம போயி நாலு வருசம். ஏழு வருசம் ஆனாத்தான் மறு கலியாணம்னு சொல்றாங்க, அதுவரைக்கும் நான் என்ன, கட்டுனவளா அறுத்தவளா?

தங்கச்சி, இந்த கேள்விக்காகத்தான் மத்த எல்லாத்துக்கும் பதில் எழுதுனேன்னு வெச்சுக்க. ஏழு வருசம்ங்கறது அரசாங்க சட்டம், அவ்வளவு நாள் சேதி இல்லன்னா இறந்ததா எடுத்துக்கும். சபை வருசத்த எண்ணாது. 1707ஆவது சட்டப்படி எவ்வளவு காலம் ஆளக் காணலைங்கறது மட்டும் பத்தாது, சாட்சி வேணும். உனக்கு அது நல்லதாவும் அமையலாம். போட்டு முழுகுனத பாத்தவங்க, தேடப் போனவங்க, தப்பிச்சு வந்தவங்க சாட்சி சொல்லி, அவர் இறந்துட்டார்னு ஆயருக்கு உறுதியா பட்டுச்சுன்னா அறிவிப்பு குடுக்கலாம், அதுக்கு ஏழு வருசம் காத்திருக்கணும்னு இல்ல. ஆனா மறு கலியாணத்துக்கு அரசாங்க காகிதமும் தேவைப்படும், அதுக்கு வக்கீல் கிட்ட தனியா கேக்கணும். அறிவிப்பு வர்ற வரைக்கும் நீ கட்டுனவ தான், தாலிய கழட்டுன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல.

அன்னைக்கு பக்கத்துல தொழில் பண்ண போட்டு ஆளுங்க ரெண்டு மூணு பேரோட புதன்கெழம சாயந்தரம் பங்கு ஆபீசுக்கு வா, நானும் இருப்பேன். வரும்போது உங்க கலியாண சர்டிபிகேட்டு, அன்னைக்கு கடலுக்கு போக அனுமதி டோக்கன் போட்ட தேதி, அப்ப ஸ்டேசன்ல குடுத்த புகார் நகல் மூணையும் எடுத்துட்டு வா.