கழுத்துக் கட்டி: பூனைக்கு ஒரு கணக்கு, நாய்க்கு வேறு கணக்கு

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் பூனைக்கு 13 வயது ஆகிறது. முன்பைவிட அதிகமாகச் சாப்பிட்டும் ஆறு மாதங்களில் 4.5 கிலோவிலிருந்து 3.1 கிலோவாக இளைத்துவிட்டது. இரவு முழுவதும் கத்துகிறது. மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துத் தைராய்டில் கட்டி இருப்பதாகச் சொல்கிறார். ஆனால், தெருமுனை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டி-4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு 9.2 என்றும், அது இயல்பான அளவு என்றும் அறிக்கை தந்திருக்கிறார்கள். எதை நம்புவது? கட்டி என்றாலே புற்றுநோய்தானா?
(வாசகி, மதுரை)

பதில்: மருத்துவரை நம்புங்கள். அறிக்கையில் உள்ள 9.2 என்ற எண்கூடச் சரியாகவே இருக்கலாம்; அதன் பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ள ‘இயல்பு அளவு’ மனிதர்களுக்கானது என்பதுதான் சிக்கல். மனிதர்களின் ரத்தத்தில் மொத்த டி-4 ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். பூனைக்கோ, ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறினாலும், உச்சவரம்பு 4 அல்லது 4.5 அளவிலேயே நின்றுவிடும். ஆகவே, மனிதருக்கு இயல்பான 9.2 உங்கள் பூனைக்கு இரண்டு மடங்கு அதிகம். கால்நடைகளுக்கான அளவுகோல் வைத்திருக்கும் ஆய்வகத்தில் ஒருமுறை மறுபரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பூனைகளில் தைராய்டு மிகையாகச் சுரக்கும் இந்த நோய் 1979-இல் அமெரிக்காவில்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்று, பத்து வயதைக் கடந்த பூனைகளுக்கு வரும் ஹார்மோன் நோய்களில் இதற்கே முதலிடம் என்று சொல்லிவிடலாம். கட்டி என்றதும் அஞ்ச வேண்டாம். இவ்வாறு ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் பூனைத் தைராய்டுக் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேற்பட்டவை புற்றுநோய் அல்லாத சாதாரணக் கழலைகளே. பெரும்பாலான பூனைகளில் சுரப்பியின் இரு மடல்களும் வீங்கியிருக்கும். பூனையின் தலையைச் சற்றே உயர்த்தி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மூச்சுக்குழாயின் இருபுறமும் வைத்துத் தொண்டையிலிருந்து மார்பை நோக்கி மெல்ல வழித்துக்கொண்டே வரும்போது, பட்டாணி அளவில் ஏதோ ஒன்று விரலடியில் நழுவி ஓடும். உங்கள் மருத்துவர் உணர்ந்தது அதைத்தான்.

புற்றுநோய் இல்லையென்பதற்காகச் சும்மா விட்டுவிடலாகாது. மிகையான ஹார்மோன் இதயத்தை ஓயாமல் விரட்டுகிறது. நிமிடத்துக்கு 240 துடிப்பைத் தாண்டும் பூனைகளும் உண்டு. ரத்த அழுத்தம் கூடி விழித்திரை பெயர்ந்து, திடீரெனப் பார்வை போய்விடுவதும் உண்டு என்பதால், கருமணிகள் அகல விரிந்தபடியே இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் ஊரில் எளிதில் செய்யக்கூடிய சிகிச்சை, கார்பிமசோல் அல்லது மெத்திமசோல் மாத்திரை. அது சுரப்பைக் கட்டுப்படுத்துமே தவிரக் கட்டியைக் கரைக்காது. ஆகவே ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டும். வெளிநாடுகளில் பெரிதும் விரும்பப்படுவது கதிரியக்க அயோடின் ஊசி: ஒரே ஊசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பூனைகள் அளவில் குணமாகின்றன. அறுவை சிகிச்சையிலும் முழுக் குணம் கிடைக்கும். ஆனால், தைராய்டை ஒட்டியே இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் சேதமானால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வரலாம் என்பதால், தேர்ந்த கை வேண்டும்.

எந்தச் சிகிச்சையானாலும் சிறுநீரகத்தை மறக்கக் கூடாது. மிகையான ஹார்மோன் சிறுநீரகத்துக்குப் பாயும் ரத்தத்தைக் கூட்டி, அங்கே ஏற்கெனவே இருக்கும் பழுதை மறைத்து வைத்திருக்கும். சிகிச்சை தொடங்கி ஹார்மோன் இயல்புக்கு வந்ததும் அது வெளிப்படும். மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று எண்ணிப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், சில வாரங்களுக்கு ஒருமுறை டி-4, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பார்த்து, அதற்கேற்ப அளவை மாற்றுவதே முறை.

கேள்வி: எனக்கும் தைராய்டு இருக்கிறது, வீட்டில் தைரோனார்ம் மாத்திரை எப்போதும் இருக்கும். தைராய்டு உள்ள எங்கள் பூனைக்கு அதில் பாதியைக் கொடுக்கலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: கொடுக்கவே கூடாது. உங்களுக்குச் சுரப்பு குறைந்திருப்பதால் ஹார்மோனையே மாத்திரையாக விழுங்குகிறீர்கள். உங்கள் பூனைக்கு அதே ஹார்மோன்தான் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. ‘தைராய்டு இருக்கிறது’ என்று பொதுவாகச் சொல்லும் பழக்கத்தால் வரும் குழப்பம் இது. கார்பிமசோலும் மனிதர்களுக்கான மருந்துக்கடையில் கிடைப்பதுதான்; ஆனாலும் அளவை மருத்துவரே எழுதித்தர வேண்டும். முதல் மூன்று மாதங்களில் வாந்தி, முகத்தைக் கீறிப் புண்ணாக்கிக்கொள்ளும் அளவுக்கு அரிப்பு, அரிதாக வெள்ளணுக் குறைவு ஆகியவை வரலாம். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அந்த மாத்திரையை அவர் வெறுங்கையால் தொடவோ உடைக்கவோ வேண்டாம்.

கேள்வி: பத்து வயது கோல்டன் ரெட்ரீவர் வளர்க்கிறோம். கழுத்தின் இடப்பக்கம் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் இயல்பாகவே இருக்கிறது. கொழுப்புக் கட்டியாக இருக்கும், விட்டுவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள்.
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: விட்டுவிடாதீர்கள். மேலே மதுரை வாசகிக்குச் சொன்ன ஆறுதலை உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. நாய்களில் கழுத்தில் தென்படும் அளவுக்கு வளர்ந்த தைராய்டுக் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது புற்றுநோய். அவற்றில் பெரும்பாலானவை ஹார்மோனை மிகையாகச் சுரப்பதில்லை. எனவே, ரத்தப் பரிசோதனை இயல்பாக இருப்பதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. வலி இல்லாததும் அப்படியே. கொழுப்புக் கட்டி தோலுக்கடியில் மெத்தென்று இருக்கும். உங்கள் நாயின் கட்டி கெட்டியாக, ஆழத்தில் இருக்கிறதா என்பதை முதலில் மருத்துவர் பார்க்கட்டும்.

அடுத்து மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பார்கள். தைராய்டுக் கட்டியில் ரத்த ஓட்டம் மிகுதி என்பதால், ஊசியில் பல நேரம் ரத்தம் மட்டுமே வரும். அதிலும் ஒரு பயன் உண்டு: சீழ்க்கட்டியோ உமிழ்நீர்க் கட்டியோ நிணநீர்க் கணு வீக்கமோ அல்ல என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தடித்த ஊசியால் சதைத் துண்டு எடுக்க முனைவதை நான் விரும்புவதில்லை. ரத்தம் நிற்காமல் போகலாம். கழுத்து ஸ்கேனும், நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்றறிய மார்பு எக்ஸ்ரேயும் கட்டாயம் தேவை. கண்டறியும்போதே மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நாய்களில் அது பரவியிருக்கக்கூடும். கட்டி பெரிதாக ஆக அந்த அபாயமும் கூடும்.

சிகிச்சையின் போக்கைத் தீர்மானிப்பது ஒரு எளிய கேள்விதான்: பிடித்து அசைத்தால் கட்டி நகர்கிறதா? தாராளமாக நகர்ந்து, வேறெங்கும் பரவாமலும் இருந்தால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று ஆண்டுகளும் அதற்கு மேலும் நலமாக வாழ்ந்த நாய்கள் பல. பத்து வயது நாய்க்கு அது பெரிய காலம். சுற்றியுள்ள தசையையும் ரத்தக்குழாய்களையும் பற்றிக்கொண்டு அசையாமல் இருந்தால் கத்தி வைப்பது ஆபத்து. கதிர்வீச்சு சிகிச்சையே பொருத்தம், ஆனால் நாய்களுக்கு அது இங்கே எளிதில் கிடைப்பதில்லை. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். குரைக்கும் ஒலி மாறினாலோ, இருமினாலோ, விழுங்கத் திணறினாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பீகிளுக்கு எட்டு வயது. முன்கூட்டியே ஆண்டுதோறும் தைராய்டு பரிசோதனை செய்ய வேண்டுமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கோல்டன் ரெட்ரீவர், பாக்ஸர், சைபீரியன் ஹஸ்கி ஆகியவற்றோடு பீகிளும் இந்தக் கட்டி அதிகம் காணப்படும் இனம்தான். ஆனால், ரத்தப் பரிசோதனை அதைக் காட்டித்தராது என்பதால் அதற்குச் செலவழிக்காதீர்கள். குளிப்பாட்டும்போது தாடையிலிருந்து மார்பு வரை கழுத்தின் இருபுறமும் தடவிப் பாருங்கள். தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.