அடி வாங்குபவருக்கு ஏற்ற வாள்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் மாறிவிடும். இந்த முறை ஃபோம் வாள், ஃபோம் வேல், கேடயம் என்று ஒரே போர்க்களம். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், உயர்நிலை 3 படிக்கிறோம். வீடியோ பார்த்து, நீச்சல் குளத்தில் பிடித்து மிதக்கும் பூல் நூடுலில் வாள் செய்தோம். கொஞ்ச நேரம் விளையாடியதுமே வளைந்து தொங்கிவிட்டது. அப்பா ஏர்கான் வேலை செய்கிறார், குழாயில் மாட்டும் கறுப்பு ஃபோம் வீட்டில் நிறைய கிடக்கிறது. அதைப் போடலாமா? (மாணவர், பொங்கோல்)

பதில்: தம்பி, உள்ளே என்ன கம்பு வைத்தீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றும் வைக்காமலோ, மெல்லிய குச்சியைச் செருகியோ செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், தொங்கியதற்கு அதுதான் காரணம். நூடுல் மேல் பழி போடாதே.

முதலில் கறுப்பு ஃபோம். நீ பார்த்த வீடியோ அமெரிக்காவில் எடுத்ததாக இருந்தால், அவர்கள் வாங்கிக் காட்டுவது சாம்பல் நிற பாலிஎத்திலீன் ஃபோம். குளிர்காலத்தில் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க அங்கே மாட்டுவார்கள், அதனால் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். சிங்கப்பூரில் நமக்கு ஏது குளிர்காலம்? இங்கே கடைகளில் அதிகம் இருப்பது ஏர்கான் குழாயில் நீர் துளிர்த்துச் சொட்டாமல் தடுக்கும் நைட்ரைல் ரப்பர் ஃபோம். அது கனமானது, அடிபட்டால் கிழியும், சுவரும் பெரும்பாலும் மெலிதாக இருக்கும். வாளின் அலகுக்கு வேண்டாம், கைப்பிடியின் அடிமுனையை மூட மட்டும் ஒரு துண்டு வெட்டிக்கொள். அலகுக்கு நூடுலே போதும், அதுவும் பாலிஎத்திலீன்தான், சுவர் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இருக்கும்.

உள்கம்புக்கு வீட்டில் மின்கம்பி ஓடுமே அந்த 20 மில்லிமீட்டர் வெள்ளை பிவிசி குழாய் சரியாக வரும். ஒற்றைக் கை வாள் என்றால் மொத்த நீளம் 90 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம், நீளம் கூடக்கூட நுனியின் வேகமும் கூடும், அடி வாங்குபவனுக்கு வலியும் கூடும். குழாயை அறுத்ததும் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, நூல் இழை ஓடும் பார்சல் டேப்பை முழு நீளத்துக்கும் சுற்று. பிவிசி உடைந்தால் கூரான சில்லாகத்தான் உடையும், டேப் இருந்தால் சில்லு வெளியே வராது. நிறைய பேர் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடுவது இதைத்தான். குழாயின் இரண்டு வாய்க்கும் மூடி போட்டு, அதன் மேலும் டேப் ஒட்டிவிடு. திறந்த வாயாக விட்டால் அது உள்ளிருந்தே ஃபோமை வட்டமாக வெட்டிக்கொண்டு ஒருநாள் வெளியே வந்து நிற்கும்.

நூடுல், கம்பின் முனையைத் தாண்டிக் குறைந்தது 5 சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். அந்தக் காலி ஓட்டையை ஃபோம் துண்டால் அடைத்து ஒட்டு. காண்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு (பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும்) அப்புறம்தான் சேர்த்து அழுத்த வேண்டும், சேர்த்த பிறகு நகர்த்த முடியாது. வழுவழுப்பான பாலிஎத்திலீனில் பசை சரியாகப் பிடிக்காது, முன்னாலேயே லேசாகச் சுரண்டிக்கொள். அந்தப் பசையின் ஆவி விளையாட்டில்லை, எளிதில் தீயும் பிடிக்கும். இந்த ஊரில் பசை முகர்வதற்கு எதிராக 1987லேயே சட்டம் போட்டார்கள் என்றால் காரணம் இல்லாமலா? சன்னல் திறந்திருக்கட்டும், அடுப்புப் பக்கம் போகாதே, அப்பா கூட இருக்கும்போது செய்.

மேலே துணியாலான டேப்பை நீளவாக்கில் ஒட்டு. கயிறு சுற்றுவதுபோல் இழுத்துச் சுற்றினால் ஃபோம் நசுங்கிக் கட்டையாகிவிடும், பார்க்க அழகாக இருக்கும், வாங்குபவனுக்கு எரியும். என்னைக் கேட்டால் டேப்பே குறைவாகப் போட்டு, பழைய படுக்கை விரிப்பில் ஒரு நீளப் பை தைத்து மாட்டுவது மேல், துவைக்கவும் செய்யலாம். முடித்ததும் உன் தொடையில் நீயே பலமாக ஓர் அடி அடித்துப் பார். பிறகு உன் நண்பன் அதே பலத்தில் உன்னை அடிக்கட்டும். உள்ளே குழாய் இருப்பது எலும்பில் தெரிந்தால் அந்த வாள் இன்னும் முடியவில்லை. வாளைப் பிடிப்பவனுக்கு எது பிடிக்கும் என்று பார்த்துச் செய்யாதே, வாங்குபவனுக்கு எது தாங்கும் என்று பார்த்துச் செய்.

கேள்வி: என் மகன்களுக்கு 8, 10 வயது. இந்த வாள் சண்டையில் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தடுக்கவும் மனமில்லை, வேறு நேரமெல்லாம் கைப்பேசிதான். (ஒரு தாய், செங்காங்)

பதில்: அம்மா, பயம் நியாயமானது. பயத்தை ஆயுதத்தின் நுனி மேல் வையுங்கள். இந்த விளையாட்டு பழைய விளையாட்டாகிவிட்ட அமெரிக்காவில், குத்தும் நுனி 2.5 அங்குல வளையத்துக்குள் அரை அங்குலத்துக்கு மேல் நுழையக் கூடாது என்று சில குழுக்கள் விதி வைத்திருக்கின்றன. கண்குழிக்குள் போகாத அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அட்டையில் அந்த அளவு வட்டம் வெட்டி வைத்துக்கொண்டால் பிள்ளைகளே சோதிப்பார்கள், அந்த அதிகாரம் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த வயதுக்குக் குத்தே வேண்டாம், வீச்சு மட்டும் போதும். தலை, முகம், கழுத்து, கவட்டை இவற்றில் அடிக்கக் கூடாது. கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், காலில் பட்டால் முட்டி போட வேண்டும், உடம்பில் பட்டால் அவுட். இந்த முறை இருந்தால் பிள்ளைகள் பலமாக அடிப்பதை விட்டுவிட்டுப் பட்டதா இல்லையா என்று சண்டை போடுவார்கள், அது பரவாயில்லை. முகத்தை ஒட்டி உட்காரும் பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஆடுவதற்கு முன் வாளை இரண்டு விரலால் நுனிவரை நசுக்கிப் பாருங்கள், எங்காவது மெலிந்து குழாய் தட்டுப்பட்டால் அன்றைக்கு அது வெளியே.

அதையும் மீறிக் கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்க விடாதீர்கள். பார்வை மங்கினாலோ வலி நிற்காவிட்டாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: சிலம்பம் கற்றுக்கொடுக்கிறேன். புதிய மாணவர்கள் எதிரெதிரே நின்று ஆட ஃபோம் சுற்றிய கம்பு செய்யலாமா? (பயிற்றுநர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: செய்யலாம் ஐயா, ஆனால் அதை வைத்துச் சுற்று வரிசை கற்றுக்கொடுக்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு முனையிலும் ஃபோம் ஏறியதும் எடை ஓரங்களுக்குப் போய்விடும், கம்பு கையில் மெதுவாகத்தான் திரும்பும், கைமாற்று வராது. அடி, தடுப்பு, தூரக் கணக்கு ஆகிய மூன்றுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூங்கிலைவிடப் பிரம்பு நல்லது. மூங்கில் நீளமாகப் பிளந்து கத்தி முனை மாதிரி நிற்கும், பிரம்பு நார் நாராகப் பிய்ந்து நாம் கவனிப்பதற்கு நேரம் கொடுக்கும். 1966ல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய பழங்காலப் போர் விளையாட்டுக் கழகம் இன்றும் பிரம்பைத்தான் வாளாகப் பயன்படுத்துகிறது, ஆனால் அவர்கள் உலோகக் கவசம் மாட்டிக்கொண்டு நிஜமாகவே அடித்துக்கொள்கிறார்கள், நமக்கு அது வேண்டாம். ஆளுயரக் கம்பின் நுனி எவ்வளவு வேகமாக வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முனைகளில் சாதாரண வாளைவிட இரண்டு மடங்கு ஃபோம் வையுங்கள், முகக்கவசமும் அவசியம்.

கேள்வி: எங்கள் சமூக மன்றப் பொங்கல் விழாவில் இளையர்களை வைத்து ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை ஒரு சண்டை விளையாட்டாக நடத்த ஆசை. வேல், வளரி, வில் எல்லாம் ஃபோமில் முடியுமா? (தொண்டூழியர், தெம்பனிஸ்)

பதில்: 1025ல் நடந்ததை ஒரு கூடைப்பந்துத் திடலுக்குள் அடக்கப் பார்க்கிறீர்கள், வாழ்த்துகள்.

மூன்றில் எனக்குப் பிடித்தது வளரி. எறியும் ஆயுதத்துக்குள் எந்தக் கம்பும் இருக்கக் கூடாது என்று பல குழுக்கள் விதி வைத்திருக்கின்றன, வளரிக்கோ கம்பே தேவையில்லை. பிள்ளைகள் உருண்டு விளையாடும் மெத்து விரிப்பை வளைவாக வெட்டி மூன்று நான்கு அடுக்கு ஒட்டி, விளிம்பைத் தேய்த்து உருட்டிவிட்டால் முடிந்தது, எடைக்காகக்கூட உள்ளே எதையும் வைக்காதீர்கள். வளரி என்றதும் சிவகங்கை மருது சகோதரர்கள் ஞாபகம்தான் வரும், சோழர் கையில் ஏன் கொடுத்தீர்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார், பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலுக்கு, நுனியில் மட்டும் சோபா மெத்தைக்குள் இருப்பது போன்ற மெதுவான ஸ்பாஞ்சு வையுங்கள், குத்தும்போது அது அமுங்கிக் கொடுக்கும். அதற்குப் பின்னால் கெட்டி ஃபோம், கைபிடிக்கும் இடம்வரை கம்பு முழுக்க உறை. கேடயத்துக்கு அதே விரிப்பு இரண்டு அடுக்கு போதும், ஒட்டுப்பலகை வைத்தால் விளிம்பு ஆளைப் பதம் பார்த்துவிடும்.

வில் வேண்டாம். மற்ற நாடுகளில் வில்லின் இழுவிசைக்கு வரம்பு வைத்து, அம்பு முனையைக் கைமுட்டி அளவு ஃபோமாக்கி, ஒவ்வோர் அம்பையும் சோதித்துத்தான் விடுகிறார்கள். ஒருநாள் விழாவில் அதையெல்லாம் யார் பார்ப்பது?

கேள்வி: வளர்ந்த ஆட்கள் ஃபோம் வாளோடு ஓடுவது கேவலமாக இல்லையா? (பெயர் வேண்டாம், பிடோக்)

பதில்: 1977ல் மேரிலேண்டில் இதைத் தொடங்கியவர்களும், 1982ல் இங்கிலாந்தின் பெக்ஃபோர்டன் கோட்டையை வாடகைக்கு எடுத்து ஆடியவர்களும் வளர்ந்த ஆட்கள்தான். வார இறுதியில் கோல்ஃப் ஆடினால் கேவலமில்லையாக்கும்.

கேள்வி: வாளை எம்ஆர்டியில் எடுத்துப் போகலாமா? இதே மாதிரி ஜெல் துப்பாக்கி வாங்கலாமா? (வாசகர், ஈசூன்)

பதில்: பைக்குள் போட்டு எடுத்துப் போங்கள், நிலையத்தில் சோதனைக்கு நிறுத்தினால் திறந்து காட்டுங்கள். வெள்ளி நிறம் பூசி நிஜம்போல் ஆக்காமல் மஞ்சள், பச்சை என்று வைத்துக்கொண்டால் தொல்லை குறைவு. ஜெல் உருண்டை சுடும் துப்பாக்கி, பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் எல்லாம் வேறு கதை, உரிமமில்லாமல் வெளிநாட்டிலிருந்து தருவித்தால் குற்றம். இணையக் கடை விற்கிறதே என்பது காவல்துறையிடம் எடுபடாது.

கேள்வி: ஐரோப்பாவிலிருந்து லேடெக்ஸ் ரப்பர் பூசிய ஃபோம் வாள் வரவழைத்தேன், இங்கே சில மாதத்திலேயே பிசுபிசுக்கிறது. (வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: லேடெக்ஸுக்கு வெயிலும் வெப்பமும் ஆகாது, நம் ஊரில் இரண்டும் தாராளம். டால்கம் பவுடரைத் தடவித் துடைத்துவிட்டு, சிலிக்கோன் ஸ்பிரே அடித்து வையுங்கள், பிசுக்கு ஓரளவு அடங்கும். எண்ணெய் மட்டும் படவே கூடாது, ரப்பரை அரித்துவிடும். கார் பூட்டில் விடாதீர்கள், சுவரில் நுனி கீழே இருக்கும்படி சாத்தி வைக்காதீர்கள், கம்பு மெல்ல நுனியைத் துளைக்கும். கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிடுவதுதான் நல்லது. லேடெக்ஸ் விரிசல் விட்டுவிட்டால் காப்பாற்ற முடியாது, தோலை உரித்துவிட்டுத் துணி உறை தைத்துப் போடுங்கள்.