ஏற்றத்தில் வியர்வை, இறக்கத்தில் நடுக்கம்: வாசகர் கேள்வி பதில்

மலைச் சாலையில் மிதிவண்டி ஓட்டுவோரும் மலைப்பாதையில் ஓடுவோரும் இம்முறை அனுப்பியிருந்த கடிதங்களில் பெரும்பாலானவை வானிலையைப் பற்றியே இருந்தன. அவற்றிலிருந்து ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கைப்பேசியில் வானிலையைப் பார்த்துவிட்டுத்தான் மிதிவண்டியை எடுக்கிறேன். நாள் முழுவதும் வெயில் என்று போட்டிருக்கிறது. பாதி மலை ஏறுவதற்குள் மேகம் மூடி மழை கொட்டுகிறது. முன்னறிவிப்பை நம்பலாமா, கூடாதா?

பதில்: நம்பலாம். ஆனால் அந்த முன்னறிவிப்பு எந்த உயரத்துக்குச் சொல்லப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது அடிவாரத்து ஊருக்கானதாகவே இருக்கும். ஒவ்வோர் 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. அடிவாரத்தில் 18 டிகிரி என்றால், 1,200 மீட்டர் மேலே உள்ள கணவாயில் ஏறத்தாழ 10 டிகிரிதான் இருக்கும். காற்றும் அங்கே பலமாக வீசும்.

மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. காலை வெயில் சரிவுகளைச் சூடாக்க, அங்குள்ள காற்று வெப்பமடைந்து சரிவு வழியாக மேலேறுகிறது. மேலே போகப் போகக் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் மேகமாகத் திரண்டு, பிற்பகலில் மழையாகவோ இடியுடன் கூடிய மழையாகவோ இறங்குகிறது. விடியற்காலையில் கிளம்பி நண்பகலுக்குள் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கிவிட வேண்டும் என்று மலையில் பழகியவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். இரவில் இது தலைகீழாகும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தாக்கில் போய்த் தேங்குகிறது. அதிகாலையில் அடிவாரம் மூடுபனியில் உறைந்து கிடக்கும்போது, நடுச்சரிவு அதைவிட வெதுவெதுப்பாக இருப்பதைப் பலமுறை உணர்ந்திருக்கிறேன்.

வானத்தையும் படிக்கப் பழகுங்கள். காலை 10 மணிக்கே மேகங்கள் காலிஃபிளவர் பூவைப் போல மேல்நோக்கி வளர்ந்தால், அன்றைய பாதையைச் சுருக்கிக்கொள்வது நல்லது. சிகரத்தின் மேல் வில்லை வடிவத்தில் ஒரு மேகம் அசையாமல் நின்றால், மேலே கடுங்காற்று வீசுகிறது என்று பொருள். உங்கள் கைக்கடிகாரம் காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் காட்டும் வகையாக இருந்தால், அது இன்னொரு வேலையும் செய்யும். இரவு படுக்கும் முன் அது காட்டும் உயரத்தைக் குறித்து வையுங்கள். அதே கட்டிலில் விழித்தெழும்போது 40 மீட்டர் கூடியிருந்தால், நீங்கள் ஏறவில்லை, காற்றழுத்தம் இறங்கியிருக்கிறது. வானிலை கெடப் போகிறது. எந்தச் செயலியைத் திறப்பதற்கு முன்பும் நான் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

கேள்வி: ஏறும்போது வியர்த்துக் கொட்டுகிறது, இறங்கும்போது பல் கிட்டுகிறது. கனமான ஜாக்கெட் அணிந்தால் ஏற முடியவில்லை. அணியாவிட்டால் இறங்க முடியவில்லை. என்னதான் உடுத்துவது?

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றியது இது. மலை வானிலையில் அவதிப்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்றத்துக்காக உடுத்திக்கொண்டு போகிறவர்கள்தாம். ஏற்றத்துக்கு உடலே அடுப்பு. மிதிக்கும்போது நாம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழக் கால்பங்குதான் வண்டியை நகர்த்துகிறது, மீதி முழுவதும் வெப்பமாகிறது. உச்சியைத் தாண்டியதும் அந்த அடுப்பு அணைந்துவிடுகிறது. கால்கள் மிதிப்பதை நிறுத்துகின்றன, வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை எட்டுகிறது, 10 டிகிரிக் குளிர் உலர்ந்த தோலுக்கே 6 டிகிரி போல உறைக்கிறது. வியர்வையில் நனைந்த தோலுக்கு இன்னும் மோசம், ஏனென்றால் நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்திவிடும்.

ஆகவே இறக்கத்துக்கும், நிற்கும் நேரத்துக்கும் உரிய உடையைப் பையில் கொண்டு செல்லுங்கள். ஏற்றத்துக்கு உரியதை மட்டும் உடலில் அணியுங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும். பத்து நிமிடத்தில் அது போய்விடும். வியர்வை அரும்பிய பிறகு ஜிப்பைத் திறப்பதில் பயன் குறைவு; அரும்பப் போகிறது என்று தெரியும்போதே திறந்துவிட வேண்டும். உடலை ஒட்டிய சட்டை பருத்தியாக இருக்க வேண்டாம், அது ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பளியோ, விரைவில் உலரும் செயற்கை இழையோ போதும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பைத் தரும்.

உச்சியை அடைந்ததும் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, காட்சியைப் பார்த்து, படம் எடுத்து, தண்ணீர் குடித்து, குளிரத் தொடங்கிய பிறகே ஜாக்கெட்டைத் தேடுவார்கள். வரிசையை மாற்றுங்கள். நின்ற முதல் நிமிடத்தில், உடல் சூடாக இருக்கும்போதே, நனைந்த உள்சட்டையைக் கழற்றி உலர்ந்ததை அணிந்து, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட்டைப் போட்டு, கழுத்து வரை மூடிக்கொண்ட பிறகு காட்சியைப் பாருங்கள். அதன்பின் அரை மணி நேரம்கூட அங்கே மகிழ்ச்சியாக உட்கார்ந்திருக்கலாம். பந்தய வீரர்கள் அந்தக் காலத்தில் உச்சியில் ஒரு செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்பை மறைத்துச் செருகிக்கொண்டு இறங்குவார்கள். ஜாக்கெட்டை மறந்துவிட்ட நாளில் இன்றும் அது கைகொடுக்கும்.

1988ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று, பல நாள் நடக்கும் இத்தாலியச் சுற்று மிதிவண்டிப் பந்தயம் 2,600 மீட்டருக்கு மேல் உயரமான காவியா கணவாயைக் கடந்தபோது கடும் பனி பொழிந்தது. கணவாயை முதலில் கடந்த யோகான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு ஏறியவர். இறக்கத்தில் குளிர் தாங்காமல் நின்று ஒதுங்கி உடலைச் சூடாக்கிக்கொள்ள நேர்ந்ததில், முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கினார். ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணியோ பனிச்சறுக்கு வீரர்களுக்கான கையுறைகளையும் தொப்பிகளையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது. அவர் அன்று இரண்டாவதாக வந்து, மொத்த நேரக் கணக்கில் முன்னிலையில் இருப்பவருக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையைப் பெற்று, பின்னர் அந்தப் பந்தயத்தை வென்ற முதல் அமெரிக்கரானார்.

கையுறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை மழையில் நீண்ட இறக்கம் ஒன்றில் வந்துகொண்டிருந்தபோது, பிரேக் பிடியை அழுத்துகிறேனா இல்லையா என்பதே எனக்குத் தெரியாமல் போனது. விரல்கள் பிடியின் மேல் இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன். ஓரமாக நின்று பையைத் திறக்க முயன்றால், ஜிப்பின் சிறிய இழுப்பானைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடிக்க முடியவில்லை. கடைசியில் பல்லால் கவ்வி இழுத்தேன். உள்ளே உலர்ந்த கையுறை இருந்தது. அன்று முதல் இரண்டாவது இணைக் கையுறை நீர் புகாத சிறு பையில் எல்லாவற்றுக்கும் மேலாக இருக்கிறது; என் எல்லா ஜிப்களிலும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு நூல் வளையம் கட்டியிருக்கிறேன்.

கேள்வி: நான் மலைப்பாதையில் ஓடுபவன். எடை கூடினால் ஓட்டமே கெடுகிறது. மூன்று மணி நேர ஓட்டத்துக்கு எவற்றைக் கட்டாயம் சுமக்க வேண்டும்?

பதில்: தொப்பி வைத்த நீர் புகாத மெல்லிய ஜாக்கெட், மெல்லிய கையுறை, அவசரகாலப் பளபளப்புப் போர்வை, ஊதல், சிறிய தலைவிளக்கு, கொஞ்சம் உணவு, கைப்பேசி. இவ்வளவும் முதுகோடு ஒட்டிய சிறு பையில் அடங்கிவிடும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள மான் பிளான்க் மலையைச் சுற்றி ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஓடும் யூ.டி.எம்.பி. பந்தயத்தில், நொடிகளை எண்ணி ஓடும் முதல்நிலை வீரர்களுக்கும் ஜாக்கெட், போர்வை, ஊதல், விளக்கு ஆகியவை கட்டாயம்.

எடையைக் குறைக்க ஆசைப்படும்போது 2021ஆம் ஆண்டு மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் அது. 172 பேர் ஓடினார்கள். நண்பகல் வாக்கில் உயரமான பகுதியை ஆலங்கட்டி மழையும் உறைய வைக்கும் மழையும் சூறைக்காற்றும் தாக்கியபோது, பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேற்சட்டையும் மட்டுமே அணிந்திருந்தார்கள். காற்றுத் தடுப்பு ஜாக்கெட் கட்டாயப் பட்டியலில் இல்லை. 21 பேர் குளிரில் இறந்தார்கள்; அவர்களில் அந்நாட்டின் சிறந்த ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஆறு பேரைத் தம் குகைக்கு அழைத்துச் சென்று நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். வேகமாக ஓடக்கூடியவர்கள் என்பதே அவர்களுடைய கவசமாக இருந்தது. ஓட முடியாமல் போன கணத்தில் அந்தக் கவசமும் போய்விட்டது. எனக்கு இதை எழுதவே மனம் கனக்கிறது.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதை மருத்துவர்கள் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். அதன் ஆரம்ப அடையாளங்களை உடன் ஓடுபவர்தான் கவனிக்க முடியும், ஏனெனில் பாதிக்கப்பட்டவரின் மனமே மந்தமாகிவிடும். விடாத நடுக்கம், நாக் குழறுதல், கையில் உள்ளதை நழுவ விடுதல், தட்டுத் தடுமாறி நடத்தல் ஆகியவற்றைக் கண்டால் உடனே காற்றுக்கு மறைவான இடத்தில் நிறுத்தி, ஈர உடையை மாற்றி, போர்வையால் சுற்றி, விழிப்போடு இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுத்து, உதவிக்கு அழையுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று அமைதியானால், தேறிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். அது ஆபத்து முற்றியதன் அடையாளம். ஊதலை ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் முறையாகும்.

கேள்வி: மழையில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப் பயமாக இருக்கிறது. என் மிதிவண்டியில் இருப்பது ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை பிரேக். டிஸ்க் பிரேக்குக்கு மாறினால் பயம் தீருமா?

பதில்: பாதி தீரும். ரிம் பிரேக் ஈரத்தில் முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும். டிஸ்க்கில் அந்தத் தாமதம் மிகக் குறைவு. ஆனால் சாலையைப் பற்றியிருப்பது எந்த வண்டியிலும் டயர்தான். இப்போதுள்ள வண்டியிலேயே வளைவுக்கு வெகுமுன்பாக பிரேக்கை மெல்லத் தொட்டு ரிம்மை உலர்த்திக்கொள்ளுங்கள். நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்து முடித்து, வளைவுக்குள் வண்டி சாய்ந்திருக்கும்போது பிடியைத் தளர்த்திவிடுங்கள். டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிப்பு கூடும். வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், ஈர இலைகள் ஆகியவற்றின் மேல் சாயாதீர்கள். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள்தான் மிகவும் வழுக்கலானவை, அப்போதுதான் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மேலே மிதக்கும். கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றால் மழையே சாலையைக் கழுவிவிடும்.

உலர்ந்த நாளிலும் ஓர் எச்சரிக்கை: நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் அழுத்தியே வந்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கக்கூடும். அழுத்தி, விட்டு, ஆறவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: மலைமுகட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது இடி கேட்டால் என்ன செய்வது?

பதில்: உடனே இறங்குங்கள், எந்தப் பக்கம் விரைவாகத் தாழ்வோ அந்தப் பக்கம். மின்னலைக் கண்டபின் இடி கேட்க 3 நொடி ஆனால், அது ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழுந்திருக்கிறது. 30 நொடிக்குள் கேட்டுவிட்டால் 10 கிலோமீட்டருக்குள், அதாவது உங்களை எட்டும் தொலைவில் இருக்கிறது. தனிமரத்தின் அடியில் ஒதுங்காதீர்கள், கம்பி வேலியைத் தொடாதீர்கள். மிதிவண்டியின் ரப்பர் டயர் மின்னலிலிருந்து காக்கும் என்பது தவறான நம்பிக்கை. கட்டடத்துக்குள்ளோ, இரும்புக் கூரையுள்ள மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள்; கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 62. மூடுபனியும் தூறலும் உள்ள நாள்களில் வெளியே ஓடப் போக வேண்டாம், அறைக்குள் ஓடும் இயந்திரமே போதும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கோ அந்த நாள்கள்தான் பிடித்திருக்கின்றன. அவர்கள் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டுமா?

பதில்: அவர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு, உங்களுக்குப் பிடித்திருப்பதும் நியாயமே. குளிர்ந்த காற்று மூச்சுக் குழாய்களைச் சுருக்கும், இரத்த அழுத்தத்தையும் சற்று உயர்த்தும். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடருங்கள். மற்றபடி, வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிக்கொண்டு, முதல் இரண்டு கிலோமீட்டரை நடையும் ஓட்டமுமாகக் கடந்து, வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டு ஓடினால் போதும். பளிச்சென்ற நிறச் சட்டையும், முன்னும் பின்னும் எரியும் சிறு விளக்குகளும் வேண்டும். நனைந்த வேர்களிலும் பாசி படர்ந்த கற்களிலும் அடியைக் குறுக்கி, பாதம் உடலுக்கு நேர் கீழே விழும்படி வையுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆகவே நேரம் பார்த்துத் தண்ணீர் குடியுங்கள்.

உங்களுக்கு ஏன் அந்த நாள்கள் பிடிக்கின்றன என்பது எனக்குப் புரிகிறது. மூடுபனிக்குள் ஓடும்போது முன்கையின் ஒவ்வொரு மயிரிலும் ஒரு நுண்துளி கோத்து நிற்கும். வெயில் நாளில் கண்ணுக்கே தெரியாத சிலந்தி வலைகள் புதர்தோறும் வெள்ளி நூலாய்த் தொங்கும். பாதை பத்து அடிக்கு மேல் தெரியாததால், ஏற்றம் இன்னும் எவ்வளவு என்ற கவலையே எழாது. மூச்சும் காலடிச் சத்தமும் மட்டும் உடன் வரும். சில நாள்களில் ஒரு வளைவில் திடீரென மேகத்துக்கு மேலே வந்துவிடுவோம், கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெண்மையாய்ப் பரந்து கிடக்கும். எந்த அறையிலும் இது கிடைக்காது.

நன்கு பழகிய ஒரே பாதையில் மட்டும் ஓடுங்கள். எத்தனை மணிக்குள் திரும்பத் தொடங்குவீர்கள் என்பதை முன்பே முடிவு செய்து பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பாதையில் எவ்வளவு மீதி இருந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிடுங்கள். முதல் சில நாள் அவர்களில் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், அவருக்கும் ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொண்டு.