ஆறு மாத ஞாயிறு வகுப்பில் அக்குபங்சர் வைத்தியர் ஆகலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. உயர்தரத்தில் உயிரியல் படித்தேன், கம்பஸ் கிடைக்கவில்லை. இப்போது வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில் வேலை. சீன மருத்துவமும் அக்குபங்சரும் (மெல்லிய ஊசிகளை உடலில் குத்திச் செய்யும் வைத்தியம்) படித்து அதையே தொழிலாகச் செய்ய ஆசை. இங்கே ஆறு மாத ஞாயிறு வகுப்பு ஒன்றில் டிப்ளோமா தருகிறார்கள். அதில் சேரலாமா, இல்லை சீனாவுக்கே போக வேண்டுமா? அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார், பிறகு அங்கே போகும் எண்ணமும் உண்டு.

பதில்: தங்கச்சி, காசு கட்ட முதல் ஒரு கணக்குப் பாருங்கள். ஆறு மாதத்தில் 26 ஞாயிறு, நாளுக்கு ஆறு மணித்தியாலம் என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் 156. உலக சுகாதார ஸ்தாபனம் 1999இல் வெளியிட்ட அக்குபங்சர் பயிற்சி வழிகாட்டியில், டொக்டர் அல்லாத ஒருவர் முழு அளவில் ஊசி போடப் பழகுவதற்குச் சொல்லியிருப்பது 2500 மணித்தியாலம், அதிலும் குறைந்தது 1000 செய்முறை. ஏற்கெனவே எம்பிபிஎஸ் முடித்த டொக்டர் தன் வேலையோடு கொஞ்சம் அக்குபங்சரையும் சேர்த்துக்கொள்வதற்கே 200. உடலை ஐந்து வருடம் படித்தவருக்குக் கேட்பதை விடக் குறைந்த நேரத்தில் உங்களுக்கு டிப்ளோமா! ஆர்வத்துக்குப் படியுங்கள், பிழையில்லை. அதை நம்பி கிளினிக் போர்டு மட்டும் மாட்டாதீர்கள்.

மணித்தியாலத்தை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், தோள் மேட்டில் ஜியான்ஜிங் என்று ஒரு புள்ளி இருக்கிறது, கழுத்து வலி என்று வருகிற பாதிப் பேருக்கு அங்கேதான் ஊசி போடத் தோன்றும், ஆனால் அதற்குக் கீழேயே நுரையீரலின் நுனி இருக்கிறது. மெலிந்த ஆளுக்கு நேராக ஆழமாக இறக்கினால் உறை துளைபட்டு, காற்றுப் புகுந்து, நுரையீரல் சுருங்கிவிடும். எந்த உடம்புக்கு எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு என்பது படத்தைப் பார்த்து வராது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று "போதும், நிறுத்து" என்று சொல்லிச் சொல்லித்தான் கை பழகும். ஆகவே எந்த நிறுவனத்தில் கேட்டாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: மேற்பார்வையில் உண்மையான நோயாளிகளை எத்தனை மணித்தியாலம் பார்க்க விடுவீர்கள்? பதில் வழவழா என்று இருந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

கொழும்புக்கு இதில் ஒரு பழைய பெயரும் உண்டு. களுபோவிலை வைத்தியசாலையில் வைத்தியர் அன்ரன் ஜயசூரிய நடத்திய கிளினிக்குக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பழகினார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இன்று யாரும் நீட்டுகிற சான்றிதழுக்குத் தானாக மதிப்பு வந்துவிடாது. 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேதம், சித்தம், யுனானி வைத்தியர்களைப் பதிவதற்கு ஆயுர்வேத மருத்துவ சபை இருக்கிறது. இந்தச் சான்றிதழோடு வந்தால் என்னைப் பதிவீர்களா என்று அவர்களிடம் கடிதம் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வகுப்பு நடத்துபவரின் வாய்ச்சொல் போதாது.

அப்புறம் ரொறன்ரோ. அது இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் 2013இலிருந்து இது பதிவுள்ள தொழில். தோலுக்குக் கீழே ஊசி ஏற்றுவதே அங்கே சட்டம் கட்டுப்படுத்தும் செயல், எனவே படிப்பும் பரீட்சையும் பதிவும் வேண்டும். அவுஸ்திரேலியாவிலும் 2012இலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே பதிவு. எங்கே தொழில் செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவெடுங்கள், அந்த ஊர்ப் பதிவுச் சபை ஏற்கிற படிப்பைத் தேடுங்கள். பலர் தலைகீழாகச் செய்து, படித்து முடித்த பிறகுதான் சபையின் இணையத்தளத்தைத் திறக்கிறார்கள்.

சீனா என்றால் ஐந்து வருடப் பட்டம். பெய்ஜிங், ஷாங்ஹாய், குவாங்சோ, செங்டு நான்கிலும் 1956இல் தொடங்கிய சீன மருத்துவக் கல்லூரிகள்தான் இன்றைய பல்கலைக்கழகங்கள். மேற்கத்திய உடற்கூற்றியலும் உண்டு, கடைசி வருடம் பெரும்பாலும் வைத்தியசாலையிலேயே போகும். பழைய மரபைத்தான் ஆழமாகப் படிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் மொழியைத் தவிர்க்க வழியில்லை: ஊசி முறையை விரிவாகப் பேசும் லிங்ஷூ, மூலிகைக் கலவைகளுக்கு ஷாங்ஹான் லுன் என்ற பழைய நூல்கள் எல்லாம் செவ்வியல் சீனத்தில். ஒரு எச்சரிக்கை. அங்கேயும் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்க்கிறார்கள் என்றதும் நம்மவர்கள் உடனே வாதம், பித்தம், கபம் என்று பொருத்தத் தொடங்கிவிடுவார்கள். அந்த மூன்று இடங்களும் வேறு கணக்கு, கலக்காதீர்கள்.

மூலிகைப் பக்கத்தில், மருந்தின் பெயரைச் சரிபார்த்துக் கொடுக்கிற உங்கள் பார்மசிப் பழக்கம் உதவும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்குக் கொடுத்த மருந்தில் ஃபாங்ஜி என்ற மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்த வேறொரு வேர் சேர்ந்து, பலருடைய சிறுநீரகம் செயலிழந்தது.

செலவுக்கு சீன அரசின் புலமைப்பரிசில் இருக்கிறது, ஆனால் இளமாணிப் பட்டத்துக்கு 25 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அதிக காலம் இல்லை. சீன மொழியில் படிக்கப் பொதுவாக எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்ச்சிப் பரீட்சையில் நான்காம் நிலை அல்லது அதற்கு மேல் கேட்பார்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் கன்பூசியஸ் நிறுவனத்தில் சீன வகுப்பு நடக்கிறது, ஞாயிறு வகுப்புக்கு வைத்திருந்த காசை அங்கே கட்டுங்கள். மொழி ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ சித்த மருத்துவப் பட்டத்துக்கு உங்கள் பெறுபேறு போதுமா என்று பாருங்கள். பதிவுள்ள வைத்தியராகிய பிறகு ஊசியைப் பழகலாம்.