எவரும் பேசாத மூலமொழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எழுதிய டோல்கீன், தம் கதைகளில் வரும் எல்ஃப் இனத்தாருக்காகப் புனைந்த குவென்யா, சிந்தாரின் மொழிகளைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். கதைமாந்தர் பேசுவதற்காக ஒருவர் இரு மொழிகளை உருவாக்குவது புரிகிறது. ஆனால் கதையில் எவரும் பேசாத ஒரு மூலமொழியையும் அவற்றுக்குப் பின்னால் நிறுத்தி, அதற்கு ஒலியும் விகுதியும் வகுத்தது வெறும் புலமை விளையாட்டு அல்லவா?

அன்புடன்,
க., கோவை.

அன்புள்ள க. அவர்களுக்கு,

விளையாட்டுதான், ஆனால் ஆடியவரையே கட்டிப்போட்ட விளையாட்டு.

குவென்யாவில் சொல்லுக்குக் ‘குவெட்டா’ என்று பெயர், சிந்தாரினில் ‘பெத்’. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் உறவிருப்பதாகவே தோன்றாது. மூலமொழியில் இருந்த ‘க்வ’ ஒலி குவென்யாவில் நிலைத்தது, சிந்தாரினில் ‘ப’ ஆனது, நடுவிலிருந்த இரட்டை வல்லொலி (ட்ட) காற்று உரசி வரும் ஒலியாகத் (த்) தளர்ந்தது, ஈற்றுயிர் மறைந்தது என்று தெரிந்துகொண்டால் உறவு துலங்கும். இந்த மாற்றம் டோல்கீனின் கற்பனையில் மட்டும் பிறந்ததன்று. நான்கு என்ற எண் லத்தீனில் ‘குவாட்டுவோர்’, அவர் பெரிதும் விரும்பிய வெல்ஷ் மொழியில் ‘பெட்வர்’.

பன்மையில் இது இன்னும் சுவையானது. மூலமொழியின் பன்மை விகுதிகளில் ஒன்று நெடிலான ‘ஈ’. குவென்யாவில் அது குறுகினாலும் வெளிப்படையாகவே நிற்கிறது: ‘எலென்’ என்றால் விண்மீன், ‘எலெனி’ என்றால் விண்மீன்கள். சிந்தாரினில் ஈற்றுயிர்கள் உதிர்ந்துவிட்டன என்றாலும், உதிர்வதற்கு முன்பே அந்த ‘ஈ’ தனக்கு முன்னிருந்த உயிர்களைத் தன் பக்கம் இழுத்துவிட்டதால், குன்றைக் குறிக்கும் ‘அமோன்’ பன்மையில் ‘எமின்’ ஆகிறது. (இதன் இரண்டாம் உயிரை உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்லும் இகரமாக ஒலிக்க வேண்டும்.) விண்மீனுக்குச் சிந்தாரினில் ஒருமை ‘ஏல்’, பன்மை ‘எலின்’. ஒருமையில் இல்லாத ‘ன்’ பன்மையில் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் மூலமொழியிடம்தான் போகவேண்டும்.

இத்தனைக்கும் மூதாதை முதலில் பிறந்து, பிள்ளைகள் பிறகு வந்ததாகச் சொல்லிவிட முடியாது. காதுக்குப் பிடித்த பெயரை முதலில் வைத்துவிட்டு, வேரைப் பிறகு தேடுவது அவருக்கு வழக்கமாக இருந்தது. 1950ஐ ஒட்டி, வெல்ஷ் சாயல் கொண்ட மொழியை எல்ஃப்களில் ஒரு பிரிவான நோல்டோர் இனத்தாரிடமிருந்து எடுத்து, இன்னொரு பிரிவான சிந்தார் இனத்தாருக்குக் கொடுத்தார். ஒலிகள் பெரும்பாலும் அப்படியே இருக்க, அம்மொழியின் வரலாறு மட்டும் வேறாயிற்று. எனக்கு இது கொஞ்சம் துணிச்சலான காரியமாகவே படுகிறது.

ஆனால் அச்சேறிய சொல்லிடம் அவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. முதிய வயதில், ‘எல்ரோஸ்’ என்ற கதைமாந்தரின் பெயரிலுள்ள ‘ரோஸ்’ நுரையைக் குறிக்கும் சொல் என்றும், அது மனிதக் குலமொன்றின் மொழிக்கு உரியது என்றும் விரிவாக விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். பிறகு, ஏற்கெனவே வெளிவந்துவிட்ட ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நூலில் ‘கைர் ஆண்ட்ரோஸ்’ என்ற தீவின் பெயரில் அதே சொல் சிந்தாரினாகவே இடம்பெற்றிருப்பதைக் கண்டதும், தம் விளக்கத்தின் பெரும்பகுதி நிற்காது என்று தாமே அதில் குறித்துவைத்தார். அலங்காரத்துக்காகச் செய்பவர் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்.

1930களின் இறுதியில் அவர் தொகுத்த வேர்ச்சொல் பட்டியலை அவருடைய மகன் கிறிஸ்டோபர் 1987இல் பதிப்பித்தார். பிற்காலத்தில் மாறிய பெயர்கள் அதில் பழைய வடிவிலேயே இருக்கும். அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.