43-ஆவது எண் வரும்போது தொண்டை அடைக்கிறது

கேள்வி: அம்மா, நான் பி.எஸ்சி. கணிதம் இரண்டாமாண்டு படிக்கிறேன். உசிலம்பட்டி பக்கம் கிராமம். பிளஸ் டூ வரை தமிழ் வழி. இப்போது மதுரையில் ஹாஸ்டல். வகுப்பில் என் எண் 43. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 35-ஐத் தாண்டியதுமே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். 'எஸ் மேம்' என்று சொல்ல வாய் வராது. வகுப்பில் இருந்தும் ஆப்சென்ட் விழுந்த நாட்கள் உண்டு. கூட்டம் குறைந்த பிறகுதான் மெஸ்ஸுக்குப் போவேன். பல நாள் குழம்பு தீர்ந்திருக்கும். இரவிலும் நிம்மதி இல்லை. அரியர் விழுந்தால்? அப்பாவுக்கு வண்டியில் போகும்போது ஏதாவது ஆனால்? வீட்டிலிருந்து போன் வந்தாலே கெட்ட சேதியோ என்று பதறுகிறது. ஒரு வருடமாக இப்படித்தான். அம்மா மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். அடுத்த மாதம் எனக்கு செமினார். கை நடுங்கும், குரல் உடையும், இங்கிலீஷ் தப்பாக வரும், எல்லோரும் சிரிப்பார்கள். மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமா? அதற்கு அடிமையாகிவிடுவேனா?

– பெயர் வேண்டாம், மதுரை.

பதில்: உன் வயதில் எனக்குப் பேத்தி இருக்கிறாள், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

1984-இல் நான் கணித விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, முதல் மூன்று வாரம் கரும்பலகையைப் பார்த்தேதான் பாடம் நடத்தினேன். எழுதிக்கொண்டே இருந்தால் திரும்ப வேண்டியதில்லை பார். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மேடம், எங்க பக்கமும் கொஞ்சம் திரும்புங்க" என்றான். வகுப்பே சிரித்தது. கையில் இருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. திரும்பினேன். அறுபது முகத்தில் பாதி என்னைக் கவனிக்கவே இல்லை. ஒருத்தி ஜன்னல் வழியே ஐஸ்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன்னிடம் இரண்டு தொல்லைகள் பின்னிக் கிடக்கின்றன. பலர் முன் பேச, சாப்பிட, பெயர் சொல்லக்கூட நடுங்குவது ஒன்று. அதைச் சமூகப் பதற்றம் என்பார்கள். அரியரிலிருந்து அப்பாவின் வண்டிவரை மனம் ஓயாமல் தாவிக்கொண்டிருப்பது இன்னொன்று. இப்படிக் கட்டுப்படுத்த முடியாத கவலை ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்து, தூக்கத்தையும் படிப்பையும் கெடுத்தால் அதைப் பொதுவான பதற்றக் கோளாறாக மருத்துவர்கள் பார்ப்பார்கள். உனக்கு ஒரு வருடம் ஆகிறது. கூச்ச சுபாவம், போகப் போகச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு இருக்காதே. தாயத்து இருக்கட்டும், அம்மாவின் மனசுக்கு ஆறுதல். கூடவே மருத்துவரையும் பார்.

மெஸ்ஸுக்குக் கடைசியாகப் போகிறாயே, அதைத்தான் முதலில் விட வேண்டும். ஒளிந்துகொள்ளும்போது அந்த நேரத்துக்கு நிம்மதிதான். ஆனால் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று மனம் தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போகிறது. என் கரும்பலகையும் அதே வேலையைத்தான் செய்தது. ஆகவே சின்னதாகத் தொடங்கு. இந்த வாரம் கூட்டம் இருக்கும்போதே ரூம்மேட்டோடு போய் உட்கார். படபடப்பு வரும், வரட்டும். பாதியில் எழுந்து வராதே. இருந்தால் அது தானாகத் தணிவதைப் பார்ப்பாய். அது பழகிய பிறகு ஜெராக்ஸ் கடையில் வாய்விட்டுக் கேள். அப்புறம் வகுப்பில் ஒரு சந்தேகம். அட்டெண்டன்ஸ் நேரத்தில் உன் நெஞ்சைக் கவனிக்காமல் மற்றவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேள். 42 பேரில் எத்தனை பேர் அரைத் தூக்கத்தில் முனகுகிறார்கள் என்று எண்ணித்தான் பாரேன்.

செமினாருக்கு ஒரு வழி. ரூம்மேட் முன்னால் மூன்று நிமிடம் பேசி போனில் வீடியோ எடு. பார்ப்பதற்கு முன், 'கை பத்துக்கு இத்தனை நடுங்கியது, குரல் இத்தனை உடைந்தது' என்று மதிப்பெண் போட்டு வை. பிறகு, யாரோ முன்பின் தெரியாத பெண்ணைப் பார்ப்பது போல அதைப் பார். உள்ளே உணர்ந்த நடுக்கத்தில் வெளியே தெரிவது பெரும்பாலும் கொஞ்சம்தான். ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்யாதே. ஒரு வரி மறந்தால் மொத்தமும் சரியும்.

இரவுக் கவலைக்கு ஒரு நோட்டு வாங்கு. மனதில் எழுவதை ஒரு வரியில் குறித்து, 'நாளை மாலை ஆறரைக்கு' என்று தள்ளிப் போடு. ஆறரையிலிருந்து ஏழு வரை உட்கார்ந்து ஆசை தீரக் கவலைப்படு. அரியர் பற்றி ஏதாவது செய்யலாம், செய். அப்பாவின் வண்டி பற்றி, "ஹெல்மெட் போடுங்கப்பா" என்பதற்கு மேல் இங்கிருந்து உன்னால் ஆவது ஒன்றுமில்லை.

இப்போது மாத்திரை. இதற்கு வழக்கமாக நீண்ட நாள் கொடுக்கும் மாத்திரைகள் போதை தருவன அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். திடீரென்று நிறுத்தக் கூடாது. சாப்பிட்டதும் அமைதியாக்கித் தூங்க வைக்கும் வகை வேறு. அது பழகிவிடக்கூடியது. எனவே மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்காதே, தோழியின் அட்டையிலிருந்து கிள்ளியும் போடாதே. எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. மனநல ஆலோசகரிடம் பேசிப் பெறும் சிகிச்சையிலேயே தேறுகிறவர்கள் நிறைய. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஓபி சீட்டு போட்டுப் பார்க்கலாம். தைராய்டு அதிகம் சுரந்தாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ரத்தப் பரிசோதனை பற்றியும் கேள்.

நேரில் போகத் தயங்கினால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். போனே பயம் என்கிற பெண்ணுக்கு போன் நம்பர் தருகிறேன், தெரிகிறது! உன் கடிதத்திலிருந்து நான்கு வரியை எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே படி. மனப்பாடம் வேண்டாம் என்று சொன்ன நானேதான் சொல்கிறேன், இதற்குப் பார்த்துப் படிக்கலாம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கை, குரல், இங்கிலீஷ், சிரிக்கப் போகிறவர்கள் எல்லாம் இருக்கிறது. செமினாருக்கு என்ன தலைப்பு என்று ஓரிடத்திலும் இல்லை. பழைய கணக்கு டீச்சர், கேட்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது.